ஒரு டெல்டா ஷூ அலமாரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் வேலை. பாபநாசத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் வீடு. கூடத்தில் ஓர் அலமாரி நிறைய ஸ்னீக்கர். வீட்டுக்கு வரும் சொந்தக்காரர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், போட்டோ பார்த்துவிட்டு மெசேஜ் அனுப்பும் தம்பிகள் என்று எல்லாரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடுகிறேன்.

மொத்தம் எத்தனை ஜோடி இருக்கு?

இருபதைத் தொடவில்லை. தொட விடவும் மாட்டேன். அலமாரியில் தட்டு அவ்வளவுதான். புதுசு ஒன்று உள்ளே வந்தால் பழசு ஒன்று சித்தி மகனுக்கோ மாமன் மகனுக்கோ போயாக வேண்டும். பெட்டியும் டேக்குமாகப் பூட்டி வைத்த ஜோடி ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் தெருவில் இறங்கியவைதான். அதற்குக் காரணம் என் தாராள மனசு இல்லை, நம்ம ஊர் ஈரம். கீழே விவரமாகச் சொல்கிறேன்.

அதிலே ரொம்பப் பிடிச்சது எது?

அடிடாஸ் சூப்பர்ஸ்டார். வெள்ளைத் தோல், பக்கத்தில் மூன்று கறுப்புக் கோடு, முன்னால் வரி வரியாக ரப்பர் மூக்கு.

1969-ல் கூடைப்பந்து ஆடுகிறவர்களுக்காக வந்த ஷூ இது. கேன்வாஸ் துணியில் ஆடிக்கொண்டிருந்த காலத்தில் முழுத்தோலில், கணுக்காலுக்குக் கீழே நிற்கும் உயரத்தில் வந்தது. கரீம் அப்துல் ஜப்பார் மாதிரி பெரிய ஆட்டக்காரர்கள் போட்டார்கள். மைதானத்தில் அதன் காலம் முடிந்த பிறகுதான் இன்னொரு வாழ்க்கை தொடங்கியது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியிலிருந்து வந்த ரன்-டி.எம்.சி. என்ற ராப் குழு, லேஸ் இல்லாமல், ஷூவின் நாக்கை (லேஸுக்கு அடியில் இருக்கும் பட்டையை) தூக்கிவிட்டுக்கொண்டு இதை மேடையில் போட்டது. 1986-ல் அந்த ஷூவைப் பற்றியே ஒரு பாட்டும் போட்டார்கள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் நடந்த கச்சேரியில் அவர்கள் சொன்னதும் கூட்டம் மொத்தமும் காலில் இருந்ததைக் கழற்றித் தூக்கிக் காட்ட, அதைப் பார்த்த கம்பெனி ஆள் போய்ச் சொல்லி, விளையாட்டு வீரர்களோடு போடுவது போன்ற ஒப்பந்தத்தைப் பாட்டுக்காரர்களோடு அடிடாஸ் போட்டது. இன்றைக்கு ராப் பாடுகிறவர் பெயரில் ஷூ வருவதெல்லாம் அங்கிருந்து தொடங்கிய பழக்கம்.

சரி, இந்தக் கதைக்காகவா எனக்குப் பிடிக்கும்? இல்லை. பைக் கியருக்காக. கியர் வண்டி ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் இடது கால் ஷூவை எடுத்துப் பாருங்கள், பெருவிரலுக்கு மேலே கறுப்பாகத் தேய்ந்திருக்கும். துணி ஷூவாக இருந்தால் அந்த இடம்தான் முதலில் கிழியும். சூப்பர்ஸ்டாரில் அதே இடத்தில் ரப்பர் இருக்கிறது. கியர் தட்டித் தட்டி வரும் கறையை ஈரத்துணியால் துடைத்தால் போய்விடுகிறது. கூடைப்பந்துக்குச் செய்த மூக்கு, பாபநாசம் – கும்பகோணம் ரோட்டில் பைக் ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு பொருந்தும் என்று செய்தவர்களே நினைத்திருக்க மாட்டார்கள்.

மஞ்சள் கலரில் கறுப்புக் கோடு போட்ட அந்த ஷூ என்ன?

ஒனிட்சுகா டைகர் மெக்சிகோ 66. சிங்கப்பூரில் இருக்கும் அத்தான் கொண்டுவந்தது. மன்னார்குடி, கூத்தாநல்லூர், திருவாரூர்ப் பக்கம் தெருவுக்குச் சிலராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். திருச்சியில் வந்து இறங்கும் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே ஒரு ஜோடி ஷூ வருவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். விளையாட்டு ஷூக்களுக்கென்றே பேர்போன குவீன்ஸ்வே ஷாப்பிங் சென்டர் சிங்கப்பூரில் இருக்கிறது. அத்தானிடம் சைஸை மட்டும் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கம்பெனி 1949-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் தொடங்கியது. தொடங்கிய கிஹாச்சிரோ ஒனிட்சுகா, கூடைப்பந்து ஷூ தரையில் வழுக்காமல் நிற்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சாப்பாட்டில் இருந்த ஆக்டோபஸ் உறிஞ்சியைப் பார்த்து, அதே மாதிரி குழி வைத்த சோல் செய்தார் என்பார்கள். அதைவிட எனக்குச் சுவாரசியமானது வேறு. நைக்கியின் தொடக்கம் இந்த ஷூக்களை விற்ற வியாபாரம்தான். பில் நைட்டும், ஓட்டப்பந்தயப் பயிற்சியாளர் பில் பௌவர்மனும் 1964-ல் ‘புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவில் டைகர் ஷூ விற்றார்கள். 1971-ல் தனியாகப் பிரிந்து நைக்கி ஆனார்கள். அந்த டிக் மார்க் சின்னத்தை வரைந்த மாணவி கரோலின் டேவிட்சனுக்குக் கொடுத்தது 35 டாலர். பின்னால் கம்பெனிப் பங்குகளும் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

ஷூவைப் பற்றிச் சொன்னால், இலவம்பஞ்சு எடை. ஆனால் சோல் மெல்லிசு. ஜல்லி கொட்டிய ரோட்டில் ஒவ்வொரு கல்லும் காலுக்குத் தெரியும். முன்பக்கம் குறுகல் வேறு. சின்ன வயதில் செருப்பில்லாமல் வரப்பில் ஓடி அகன்று போன பாதத்துக்கு இது அளவெடுத்துச் செய்த ஷூ இல்லை. கல்யாணத்துக்கும் சினிமாவுக்கும் மட்டும் போடுகிறேன்.

பூமா ஸ்வீடை ஏன் தை மாசத்துக்கு அப்புறம்தான் போடுறீங்க?

ஸ்வீடு என்பது தோலின் உள்பக்கத்தைத் தேய்த்து மயிர்ப்பஞ்சு மாதிரி ஆக்கிய தோல். தண்ணீர் பட்டால் அந்தப் பஞ்சு படிந்து விறைத்துவிடும், கலரும் திட்டுத் திட்டாக மாறும். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை அடைமழை. மார்கழியில் பனி, புல்லில் கால் வைத்தாலே நனையும். தை அறுவடை முடிந்து களம் காய்ந்த பிறகுதான் பூமா அலமாரியை விட்டு இறங்கும். பங்குனி வரைக்கும் அதன் ராஜ்ஜியம். சித்திரை வெயிலில் மூடிய தோலுக்குள் கால் வெந்துவிடும்.

ஆனாலும் விடமாட்டேன், அந்தக் கதை அப்படி. அடிடாஸும் பூமாவும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஆரம்பித்தவை. ஜெர்மனியில் ஹெர்சோகனௌராக் என்று ஒரு சிற்றூர். அங்கே அடால்ஃப் டாஸ்லர், ருடால்ஃப் டாஸ்லர் என்று அண்ணன் தம்பி. சேர்ந்து ஷூ கம்பெனி நடத்தி, பிணக்கு முற்றிப் பாகம் பிரிந்தார்கள். 1948-ல் அண்ணன் ருடால்ஃப் பூமா, 1949-ல் தம்பி அடால்ஃப் அடிடாஸ். ஊருக்கு நடுவே ஆறு. ஆளுக்கொரு கரையில் தொழிற்சாலை. எந்தக் கம்பெனி ஷூ போட்டிருக்கிறான் என்று காலைப் பார்த்துவிட்டுத்தான் ஊர்க்காரன் பேசுவானாம். பங்காளிச் சண்டை எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

ஸ்வீடு மாடல் வந்தது 1968-ல். அதே வருஷம் அக்டோபரில் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டாமி ஸ்மித் 200 மீட்டரை 19.83 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார், உலக சாதனை. பதக்க மேடையில் அவரும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறை போட்ட கையை உயர்த்தி நின்ற படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அடுத்த தடவை பார்க்கும்போது காலைப் பாருங்கள். ஷூ இருக்காது, கறுப்பு சாக்ஸ்தான். கறுப்பின மக்களின் வறுமையைக் காட்டுவதற்காகக் கழற்றிவிட்டு ஏறினார்கள். டாமி ஸ்மித் கழற்றிய பூமா மேடையிலேயே இருந்தது. எந்த விளம்பரத்தாலும் வாங்க முடியாத இடம் அது.

இதையெல்லாம் வைச்சுக்கிட்டு, நூத்துக்கணக்குல விக்கிற பாட்டா கேன்வாஸை எதுக்கு நடுத்தட்டுல வைச்சிருக்கீங்க?

அது பாட்டா டென்னிஸ். 1936-லிருந்து இருக்கும் மாடல். இந்தியப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காகவே செய்யத் தொடங்கியது. கல்கத்தா பக்கத்தில் கம்பெனி பெயரிலேயே பாட்டாநகர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நம்ம ஓசூரிலும் பாட்டா தொழிற்சாலை உண்டு. வெளிநாட்டில் இதே ஷூவைப் பழைய பாணி என்று சொல்லி நல்ல விலைக்கு விற்கிறார்கள்.

டிரில் பீரியட் உள்ள நாளில் வெள்ளை ஷூ இல்லாவிட்டால் வெயிலில் நிற்க வேண்டியதுதான் என்று இருந்த பள்ளிக்கூடங்களில் படித்த தலைமுறை நாங்கள். வெள்ளை பாலிஷ் தீர்ந்துபோன நாளில் சாக்பீஸை நனைத்துத் தேய்த்துக்கொண்டு போனவர்கள் கை தூக்கலாம். துணி, ரப்பர், கொஞ்சம் பசை, அவ்வளவுதான் இதன் மொத்தக் கட்டுமானம். உதிர ஒன்றும் இல்லை, துவைத்தால் வெளுக்கும். ஷூ என்றால் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவேன். நடுத்தட்டு அதற்கு உரிமை.

ஜோர்டன் இல்லாமலா?

இருக்கிறது. கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் பெயரில் நைக்கி விட்ட ஜோர்டன் 1, சிவப்பு–வெள்ளை–கறுப்பு. பஸ்ஸில் தம்பிகள் போட்டோ எடுக்கக் கேட்பது இதைத்தான். எனக்கு நாலாவது அஞ்சாவது இடம்.

வடிவமைத்தவர் பீட்டர் மூர். 1985-ல் 65 டாலருக்குக் கடைக்கு வந்தது. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ. ‘தடை செய்த ஷூ’ என்று கதை கேட்டிருப்பீர்கள். அணியின் மற்றவர்களோடு ஒத்துப்போகாத கறுப்பு–சிவப்பு ஷூ போடக் கூடாது என்று 1985 பிப்ரவரியில் கடிதம் போனது உண்மை. நைக்கி அதையே விளம்பரமாக்கிக் காசு பார்த்தது. ஆனால் பழைய படங்களைத் துருவிப் பார்த்த சேகரிப்பாளர்கள், அந்தச் சமயத்தில் ஜோர்டன் காலில் இருந்தது ஏர் ஷிப் என்ற முந்தைய மாடல்தான் என்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. தடை விழுந்தது ஒன்றுக்கு, பேர் வாங்கியது இன்னொன்று.

ஏர் மேக்ஸ் ஏன் ஒண்ணுகூட இல்லை? ஷூ சும்மா வைச்சிருந்தாலே உதிருமா?

உதிரும். டெல்டாவில் ஷூ வாங்குகிறவர்கள் மற்ற பதில்களைத் தாண்டிப் போனாலும் இதைப் படித்துவிடுங்கள்.

காலுக்கும் தரைக்கும் நடுவே மெத்தென்று இருக்கும் பகுதிக்கு மிட்சோல் என்று பெயர். பெரும்பாலும் அது இரண்டு விதம். ஒன்று ஈ.வி.ஏ., எடை குறைந்த நுரை. வருஷக்கணக்கில் அமுங்கித் தட்டையாகுமே தவிர பொடியாகாது. இன்னொன்று பாலியூரிதேன், சுருக்கமாக பி.யூ. கனமானது, மெத்தென்றும் இருக்கும், சீக்கிரம் அமுங்காது. ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய் அதன் வேதிப் பிணைப்புகளை அறுத்துவிடும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். ஒருநாள் காலில் போட்டு நாலு அடி வைத்ததும் கேக் மாதிரிப் பிட்டுக்கொண்டு வரும். நல்ல இடத்தில் வைத்தாலே ஏறக்குறைய பத்து வருஷத்தில் இந்த நிலை வரும். ஓதம் ஏறும் சுவர், ஆறு மாதம் தண்ணீர் நிற்கும் வயல், வடகிழக்குப் பருவமழை எல்லாம் சேர்ந்த நம்ம ஊரில் இன்னும் முன்னாலேயே வரும். தெரிந்தவர் ஒருவர் பரணில் பத்திரமாக வைத்திருந்த ஷூவைத் தம்பி கல்யாணத்துக்கு எடுத்துப் போட்டு, மண்டபத்துப் பளிங்குத் தரை முழுக்கக் கறுப்புத் தூளாக உதிர்த்துக்கொண்டே நடந்தார். தாம்பூலப் பை வாங்கும்போது வெறுங்கால்.

நைக்கியின் முதல் ஏர் மேக்ஸ் 1987-ல் வந்தது. கட்டடக்கலை படித்த டிங்கர் ஹாட்ஃபீல்டு வடிவமைத்தது. குழாய்களையெல்லாம் வெளியே காட்டிக்கொண்டு நிற்கும் பாரிஸின் பாம்பிடூ மையத்தைப் பார்த்துவிட்டு, ஷூவுக்குள் ஒளிந்திருந்த காற்றுப்பையை ஜன்னல் வைத்து வெளியே காட்டினார். அழகான யோசனை, எனக்கும் ஆசைதான். ஆனால் பழைய ஏர் மேக்ஸ், ஜோர்டன் 3, ஜோர்டன் 4 இவற்றின் மிட்சோல் பி.யூ. சென்னையில் ஏ.சி. அறையில் பூட்டி வைக்கிறவர் வாங்கலாம். வாய்க்காலை ஒட்டி வீடு கட்டியிருக்கிறவன் வாங்கினால் முதல் நாளிலிருந்தே தேயத் தேயப் போட்டுவிட வேண்டும். விசேஷத்துக்கு என்று எடுத்து வைக்கிற பேச்சே கூடாது. நான் எதை வாங்கினாலும் உடனே போடுவதற்குக் காரணம் இதுதான். வைத்திருந்தாலும் போகும், போட்டாலும் போகும் என்றால் போட்டுப் போகட்டுமே.

பழைய ஷூ வாங்கும்போது கட்டை விரலால் மிட்சோலை அழுத்திப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, அழுத்தின இடம் குழியாகவே நின்றாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் எப்படி வைக்கிறது? உள்ளே அரிசி போட்டு வைக்கலாமா?

செல்போன் தண்ணீரில் விழுந்தால் அரிசிக்குள் புதைக்கும் பழக்கத்திலிருந்து வந்த கேள்வி. அரிசி அவ்வளவாக ஈரம் உறிஞ்சாது. வண்டு வரும், வண்டுக்குப் பின்னால் எலி வரும். எலி அரிசியோடு நிற்காது, ஷூ நாக்கில் இருக்கும் ஸ்பாஞ்சையும் சேர்த்துக் கடிக்கும்.

சிலிக்கா ஜெல் வாங்குங்கள். மொத்தமாகக் கிலோ கணக்கில் கிடைக்கிறது. நீலக் குருணையில் கோபால்ட் உப்பு இருக்கும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் ஆரஞ்சுக் குருணை வாங்குவது நல்லது. நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு வைத்துக்கொள்ளாத பழைய வாணலியில் மெல்லிய தீயில் சூடாக்கினால் மறுபடி நிறம் திரும்பும், மறுபடி உபயோகிக்கலாம்.

அட்டைப் பெட்டியைத் தரையிலும் வைக்காதீர்கள், சுவரோடும் ஒட்டாதீர்கள். கரையான் முதலில் பெட்டியைத் தின்னும், அப்புறம் லேஸுக்குப் போகும். காற்றோட்டத்துக்கு ஓட்டை வைத்த பிளாஸ்டிக் பெட்டி பரவாயில்லை. பாலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி வைப்பவர்களைப் பார்க்கிறேன். ஏற்கனவே உள்ளே இருக்கும் ஈரத்தையும் சேர்த்துக் கட்டி வைக்கிற வேலை அது. தோலில் பூசணம் பூத்திருந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் காய்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட வையுங்கள். அலமாரிக் கதவை வாரத்துக்கு ஒருமுறை திறந்து மின்விசிறியைச் சுழல விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

சேறு பட்டால் உடனே கழுவணுமா?

கூடவே கூடாது. நம்ம ஊர் வண்டல் களிமண்ணை ஈரத்தோடு தேய்த்தால் துணியின் நூலுக்குள் அப்பிக்கொள்ளும். அப்படியே விட்டுவிடுங்கள். முழுசாகக் காய்ந்த பிறகு இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று தட்டினால் முக்கால்வாசி கட்டியாக விழும். மிச்சத்தைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்ணீர். பழைய பல் பிரஷ், மிதமான சோப்பு நுரை. லேஸையும் உள்ளங்கால் அட்டையையும் கழற்றித் தனியாக அலசுங்கள்.

உள்ளே வெள்ளைத் தாளைக் கசக்கி அடைத்து நிழலில் காய வையுங்கள். செய்தித்தாள் வேண்டாம், வெள்ளை ஷூவுக்குள் தலைப்புச் செய்தி அச்சாகிவிடும். மொட்டை மாடி வெயிலில் வைத்தால் பசை விட்டு சோல் வாய் பிளக்கும், ரப்பர் மஞ்சளாகும். வாஷிங் மெஷின் கேன்வாஸுக்கே வேண்டாம் என்பேன். தோலுக்கும் ஸ்வீடுக்கும் பேச்சே இல்லை. ஸ்வீடில் கறை என்றால் பள்ளிக்கூட ரப்பரால் அழித்துப் பாருங்கள், நம்ப மாட்டீர்கள்.

மஞ்சளான சோலுக்குப் பற்பசை தேய்ப்பது மேல் அழுக்கை மட்டும் எடுக்கும். மஞ்சள் என்பது ரப்பரே வெயிலிலும் காற்றிலும் மாறிப்போன நிறம். முடிக்குச் சாயம் போடும் கடைகளில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கிரீமைத் தடவி வெயிலில் காட்டினால் வெளுக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மேல்துணியில் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சில மாதத்தில் மஞ்சள் திரும்பி வரும். நான் விட்டுவிட்டேன், மஞ்சளும் ஒரு வயசுதானே.

ஒரு ஜோடி காசுக்கு எத்தனை மூட்டை நெல் போடணும் தெரியுமா?

சித்தப்பாவின் கேள்வி. பதில் தெரியும். 2025–26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரக நெல்லுக்கு குவிண்டால் 2,545 ரூபாய். நாற்பது கிலோ மூட்டை 1,018 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் ஷூ என்றால் பத்து மூட்டை.

இந்தக் கணக்கை நான் ஒதுக்கவில்லை, இதையே அளவுகோலாக வைத்திருக்கிறேன். பத்து மூட்டைக்கு மேல் போகும் எந்த ஜோடியையும் தொடுவதில்லை. பெரும்பாலானவை தள்ளுபடியில் நாலைந்து மூட்டைக்குள் வாங்கியவை. எத்தனை தடவை போட்டோம் என்பதால் விலையை வகுத்துப் பார்ப்பதும் உண்டு. அந்தக் கணக்கில் என் வீட்டிலேயே விலை அதிகமான பொருள் ஷூ இல்லை, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு.

ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கே ஜோர்டன் கிடைக்குதே?

அது பர்ஸ்ட் காப்பி, அசல் மாதிரியே செய்த நகல். போடுகிறவரைக் கேலி செய்ய மாட்டேன். படிக்கிற பையனிடம் பத்தாயிரம் எங்கே இருக்கும்? ஆனால் அசல் என்று சொல்லி ஆறாயிரத்துக்கு விற்கிறவனிடம் ஏமாறக் கூடாது. பெட்டி லேபிளில் இருக்கும் மாடல் குறியீடும் ஷூவின் உள்லேபிளில் இருக்கும் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தக் குறியீட்டை இணையத்தில் போட்டுத் தேடினால் அதே மாடல், அதே கலர் வர வேண்டும். அடிடாஸில் இடது, வலது ஷூவின் உள்லேபிள் வரிசை எண்கள் வேறுவேறாக இருக்கும். நகல்களில் இரண்டிலும் ஒரே எண்ணை அடித்துவிடுவார்கள். கடைசியாக மூக்கு. பெட்டியைத் திறந்ததும் பசை நாற்றம் ஆளைத் தூக்கினால் யோசியுங்கள்.

நகலுக்குக் கொடுக்கும் காசில் அசல் கேன்வாஸ் ஷூவே கிடைக்கும் என்பது என் கட்சி. தம்பிகள் யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

சைஸ் எப்படிப் பார்க்கிறது? எல்லாக் கம்பெனியிலும் எனக்கு எட்டுதான்.

எட்டு என்பது எல்லா இடத்திலும் ஒரே எட்டு இல்லை. நம்ம நாட்டில் சொல்வது யு.கே. அளவு. நைக்கியில் யு.கே. 8 என்றால் அமெரிக்க அளவில் 9, ஐரோப்பிய அளவில் 42.5. அடிடாஸில் அதே யு.கே. 8 அமெரிக்க அளவில் 8.5, ஐரோப்பிய அளவில் 42. சிங்கப்பூர் அத்தானிடம் வெறுமனே ‘எட்டு’ என்று சொன்னால் அவர் எந்த எட்டை வாங்குவார்? சென்டிமீட்டரில் சொல்லுங்கள். சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், தாளில் பாதத்தை வைத்துக் குதிகாலிலிருந்து நீளமான விரல் வரை அளந்துகொள்ளுங்கள். கன்வர்ஸ் ஆல் ஸ்டார் பெரிசாக வரும், அரை சைஸ் குறைக்கலாம். அடிடாஸ் சாம்பா குறுகல். அகலப் பாதக்காரர்கள் அரை சைஸ் கூட்டுங்கள். முடிந்தால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ போகும்போது ஷோரூமில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் ஆன்லைனில் விலை பாருங்கள்.

கோயிலுக்குப் போட்டுட்டுப் போவீங்களா?

மாட்டேன். லேஸ் அவிழ்த்து, சாக்ஸ் கழற்றி, டோக்கன் வாங்கி, திரும்பி வந்து எல்லாவற்றையும் மறுபடி மாட்டுவதற்குள் அடுத்த பஸ் போய்விடும். கும்பகோணத்தில் ஒரே நாளில் நாலு கோயில் என்றால் கேட்கவே வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பகலில் போகும்போது மட்டும் பையில் ஒரு ஜோடி பழைய பருத்தி சாக்ஸ் இருக்கும். பிரகாரத் தரை அப்படிச் சுடும்.

இதெல்லாம் எங்கே தயாராகுது? எல்லாம் சைனாவா?

வியட்நாம், இந்தோனேசியா, சைனா என்று லேபிளில் பார்க்கலாம். நம்ம ஊரும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறில் தைவான் கம்பெனியின் ஆலை நைக்கிக்கு ஷூ செய்கிறது. கொள்ளிடத்தைத் தாண்டினால் பெரம்பலூர் பக்கம் எறையூரில் கிராக்ஸ் தயாராகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பற்றிச் சொல்லவே வேண்டாம். நாற்று நடப் போகாமல் ஷூ தைக்கப் போகும் பெண்பிள்ளைகள் வட மாவட்டங்களில் இப்போது நிறைய. டெல்டாவுக்குள் அப்படி ஓர் ஆலை வருமா என்று கேட்டால், வேளாண் மண்டலத்தில் எது வரலாம் எது கூடாது என்பது பெரிய பேச்சு, ஷூவோடு முடியாது.

உங்க ஜோடி எதையாவது விப்பீங்களா?

இல்லை. கொடுப்பேன், சொந்தக்காரப் பையன்களுக்கு. வரிசை ஏற்கனவே நீளம்.

முதல் ஜோடி வாங்கப் போறேன், ஐயாயிரத்துக்குள்ள. என்ன வாங்கலாம்?

தோல் மேல்பாகம், ரப்பர் சோல், சுற்றிலும் தையல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பசையில் நிற்கும் சோல் நம்ம மழைக்கு முதலில் வாய் திறக்கும். சூப்பர்ஸ்டார் தள்ளுபடியில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். வராவிட்டால் வேன்ஸ் ஓல்டு ஸ்கூல், 1977-லிருந்து இருக்கும் மாடல். சோல் வாஃபிள் மாதிரி கட்டம் போட்டது, பிடிப்பு நன்றாக இருக்கும், ஆனால் மூக்கில் ஸ்வீடு, மழையில் ஜாக்கிரதை. முழு வெள்ளை வேண்டாம். கறுப்போ, தேன் நிற சோலோ பாருங்கள், வண்டல் மண் கறை தெரியாது. ஐப்பசியில் வாங்கிப் பெட்டியில் வைத்துக் காத்திருக்காமல் பொங்கல் தள்ளுபடிக்கு வாங்குங்கள். மிச்சமாகும் காசில் நல்ல பருத்தி சாக்ஸ் மூன்று ஜோடியும் ஒரு பிரஷ்ஷும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் நடுவே ஒருநாள் காய விட்டால், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் ஜன்னலைத் திறக்கச் சொல்ல மாட்டார்.